உடற்பயிற்சித் துறை மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம் ட்ரெய்னர்கள், குழு வகுப்பு எடுப்பவர்கள், ஜிம் உரிமையாளர்கள் ஆகியோர் மாநாட்டுக்குப் பதிவு செய்யும் முன்னும் திரும்பி வந்த பின்னும் கேட்கும் கேள்விகள் இவை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மேடையில் கேட்டது பாதி மறந்துபோகும். பக்கத்து நாற்காலிக்காரரிடம் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டது அடுத்த வாரமே ஜிம்மில் உதவும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதற்கான ஆயத்தம்தான்.

எல்லா மாநாடுகளும் ஒரே மாதிரிதானே?

இல்லை. தவறான இடத்துக்குப் போய் ஏமாறுகிறவர்கள் நிறைய. ஜெர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் ஃபிபோ 1985இல் தொடங்கியது. அது முதன்மையாக வணிகக் கண்காட்சி. கருவிகள், சப்ளிமென்ட், ஜிம் மென்பொருள் என்று ஸ்டால்கள்தான் பெரும்பகுதி. கருவி வாங்கப்போகும் உரிமையாளருக்கு அது சரியான இடம். பாடம் படிக்க வந்த ட்ரெய்னர் அங்கே கால் வலிக்க நடந்துவிட்டுத் திரும்புவார். அமெரிக்காவில் 1982இல் தொடங்கிய ஐடியா அமைப்பு நடத்தும் மாநாடு ட்ரெய்னர்களையும் குழு வகுப்பு எடுப்பவர்களையும் மனத்தில் வைத்தது. செயல்முறை வகுப்புகள் அதிகம். 1954இல் தொடங்கிய அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பான ஏசிஎஸ்எம், 1978இல் தொடங்கிய பலப் பயிற்சி அமைப்பான என்எஸ்சிஏ ஆகியவை நடத்தும் கூட்டங்களில் ஆய்வாளர்களும் விளையாட்டு அணிகளின் பயிற்சியாளர்களும் பேசுவார்கள். அங்கே வரைபடங்களும் புள்ளிவிவரங்களும் தாராளமாக வரும். 1981இல் இஹ்ர்சா என்ற பெயரில் தொடங்கி, இப்போது ஹெல்த் அண்ட் ஃபிட்னஸ் அசோசியேஷன் என்று அறியப்படும் அமைப்பின் மாநாடு ஜிம் தொழில் நடத்துகிறவர்களுக்கானது: உறுப்பினர் சேர்க்கை, ஊழியர் சம்பளம், புதுக்கிளை.

சிறிய மாநாடுகளும் இந்த நான்கில் ஏதோ ஒன்றின் சாயலில்தான் இருக்கும். நிகழ்ச்சி நிரலைத் திறந்து, செயல்முறை அமர்வுகள் எத்தனை, விரிவுரைகள் எத்தனை, ஸ்பான்சர் நிறுவனம் நடத்தும் அமர்வுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கடைசி வகை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அது கண்காட்சி. மாநாடு என்ற பெயர் மட்டும்தான் மிச்சம்.

வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. போகலாமா?

போகலாம், ஆனால் பெரிய மாநாட்டைவிட ஒருநாள் செயல்முறை வொர்க்‌ஷாப் அதிகம் தரும். ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), ஹிஞ்ச் (இடுப்பிலிருந்து குனிவது), புஷ் (தள்ளுவது), புல் (இழுப்பது) இந்த நான்கையும் புதிதாக வருகிற ஒருவருக்கு நம்பிக்கையோடு சொல்லித்தரத் தெரிந்த பிறகு பெரிய மாநாட்டுக்குப் போனால், எது புதிது, எது பழையதற்குப் புதுப்பெயர் என்று பிரித்தறிய முடியும்.

போவதற்கு முன் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

மூன்று கேள்விகள் எழுதுங்கள். எல்லாம் உங்கள் ஜிம்மில் இப்போது சிக்கிக்கொண்டிருக்கிற விஷயங்களாக இருக்கட்டும். "உடல் எடைக் குறைப்பு பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "புதிதாகச் சேர்பவர்களில் பாதிப் பேர் மூன்றாவது மாதம் வருவதை நிறுத்திவிடுகிறார்கள், முதல் நான்கு வாரங்களில் நான் அவர்களோடு என்ன செய்ய வேண்டும்?" என்பது கேள்வி. "முழங்கால் மாற்று அறுவை முடிந்து பிசியோதெரபிஸ்ட் அனுப்பிவைத்த 60 வயதுக்காரருக்குப் படி ஏறும் பயிற்சியை எந்த உயரத்திலிருந்து தொடங்குவது, எதைப் பார்த்து அடுத்த உயரத்துக்குப் போவது?" என்பது அதைவிட நல்ல கேள்வி.

எண்களையும் கையோடு கொண்டுபோங்கள்: வாரத்துக்கு எத்தனை அமர்வு எடுக்கிறீர்கள், அதில் எத்தனை ரத்தாகின்றன, ஒரு கிளையன்ட் சராசரியாக எத்தனை மாதம் நீடிக்கிறார். இவை இல்லாமல் பேச உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர் சொல்லும் எண் பெரியதா சிறியதா என்றே உங்களுக்குத் தெரியாது.

நான்கு வாரத்துக்கு முன்பே இருக்கை வரம்பு உள்ள வொர்க்‌ஷாப்புகளில் பதிவு செய்துவிடுங்கள். முதலில் நிரம்புவது அவைதான். பல மாநாடுகளில் நுழைவுக் கட்டணத்தோடு அவை சேராது. தனிக் கட்டணம், தனிப் பதிவு. வாசலில் போய் நின்றால் இடம் கிடைக்காது.

எந்த அமர்வுக்குப் போவது என்று எப்படி முடிவெடுப்பது?

தலைப்பைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். தலைப்பு விற்பதற்காக எழுதப்படுகிறது. பேச்சாளர் குறிப்பு அந்த அளவுக்கு ஏமாற்றாது. இன்றும் வாரம்தோறும் கிளையன்ட்களோடு வேலை செய்கிறாரா? இதே பொருளில் முன்பு பேசிய காணொலி இருக்கிறதா? பத்து நிமிடம் பார்த்தால் போதும். ஒரு பயிற்சியை ஏன் தேர்ந்தெடுத்தார், யாருக்கு அதைக் கொடுக்க மாட்டார் என்று சொல்கிறவர் நல்லவர். எல்லோருக்கும் எல்லாமும் பொருந்தும் என்கிறவரைத் தவிர்த்துவிடலாம்.

ஒரு நாளைக்கு நான்கு அமர்வு உச்சம். ஐந்தாவதில் உட்கார்ந்திருப்பீர்கள், கேட்க மாட்டீர்கள். அமர்வுகளுக்கு நடுவே ஒரு மணி நேரமாவது காலியாக வையுங்கள். முந்தைய அமர்வில் நல்ல கேள்வி கேட்டவரைத் தேடிப்போய்ப் பேசுவதற்கு அந்த நேரம் வேண்டும்.

ஒவ்வொரு நேரத்துக்கும் மாற்று அமர்வு ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் 15 நிமிடத்தில் பேச்சாளர் தன் வரலாற்றையே சொல்லிக்கொண்டிருந்தால் எழுந்து போய்விடலாம். கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. செயல்முறை அமர்வில் நேர்மாறு: முன்வரிசையில், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற அசைவுகளைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இடுப்பும் முதுகும் என்ன செய்கின்றன என்று தெரியும்.

வியர்க்க வியர்க்கச் செய்யும் மாஸ்டர் கிளாஸ் எத்தனை சேர்த்துக்கொள்ளலாம்?

நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு தசைவலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். எடையை மெதுவாக இறக்கும் அசைவுகளிலும் குதித்து இறங்கும் அசைவுகளிலும் அது கூடுதல். முதல் நாளே மூன்று வகுப்பில் குதித்தால், மூன்றாம் நாள் நீங்கள் பணம் கட்டிச் சேர்ந்த வொர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து எழவே சிரமப்படுவீர்கள். ட்ரெய்னர்களுக்கே உள்ள ஒரு கெட்ட பழக்கம், பக்கத்தில் இருப்பதும் ட்ரெய்னர் என்றால் எடையைக் கூட்டுவது. அங்கே யாரும் உங்களுக்கு மதிப்பெண் போடப்போவதில்லை.

காதையும் கவனியுங்கள். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்படி 85 டெசிபெல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபெலில் ஒரு மணி நேரம், 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். மூடிய அரங்கில் பெரிய ஒலிபெருக்கியோடு நடக்கும் குழு வகுப்பு எளிதாக அந்த அளவை எட்டும். நுரை இயர்ப்ளக் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

பையில் என்னென்ன?

தட்டையான அடிப்பாகம் உள்ள பயிற்சிக் காலணி ஒன்று, நடக்க வசதியானது ஒன்று. ஒரு நாளைக்கு இரண்டு டி-ஷர்ட். சிறு துண்டு, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், காகித நோட்டு, இரண்டு பேனா. வியர்வைக் கையால் போன் திரையில் எழுத முடியாது என்பதால்தான் காகிதம். மதியம் உணவுக் கூடத்தில் வரிசை நீளும் என்பதால் கையோடு ஏதாவது சாப்பிட வையுங்கள்.

குறிப்பு எடுக்கும் நல்ல வழி எது?

ஸ்லைடைப் பார்த்து எழுதாதீர்கள். பெரும்பாலான பேச்சாளர்கள் ஸ்லைடுகளைப் பிறகு அனுப்பிவிடுகிறார்கள். ஸ்லைடில் இல்லாததை எழுதுங்கள்: பேச்சாளர் போகிறபோக்கில் சொன்ன விதிவிலக்கு, யாரோ கேட்ட கேள்விக்கு அவர் தயங்கிச் சொன்ன பதில், ஒரு பயிற்சியை விளக்க அவர் சொன்ன அதே வார்த்தைகள்.

பக்கத்தை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அவர் சொன்னது. வலப்பக்கம் அது உங்கள் கிளையன்ட்களில் யாருக்கு, எந்தக் கிழமை, எதற்குப் பதிலாக. வலப்பக்கம் காலியாகவே இருந்தால் அந்த அமர்வு உங்களுக்குப் பொழுதுபோக்கு. அதிலும் தவறில்லை, தெரிந்திருந்தால் சரி. அன்று இரவே பத்து நிமிடம் உட்கார்ந்து குறிப்பைப் பார்க்காமல் நினைவில் உள்ளதை எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். கற்றது ஒரே நாளில் எவ்வளவு கரைகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார். நினைவிலிருந்து மீட்டெடுத்தால்தான் தங்கும். திரும்பத் திரும்பப் படித்தால் படித்த திருப்தி மட்டும் தங்கும்.

செயல்முறை அமர்வில் வேறு எதைக் கவனிப்பது?

பயிற்சியைவிடப் பயிற்றுவிக்கும் விதத்தை. நல்ல கோச் ஒரு செட்டுக்கு முன் எத்தனை வார்த்தை பேசுகிறார், எங்கே போய் நிற்கிறார், எந்தத் தவறைக் கண்டும் காணாமல் விடுகிறார் என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதுதான் அனுபவம். புதிய ஆள் ஒருவரின் அசைவில் ஐந்து குறை தெரியும். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். எதை என்பதில்தான் வித்தை.

சொல்லும் விதமும் முக்கியம். "முழங்காலை நீட்டுங்கள்" என்பது உடலுறுப்பின் மீது கவனத்தைக் குவிக்கிறது. "தரையைக் கீழே தள்ளுங்கள்" என்பது வெளியே உள்ள ஒன்றின் மீது. இரண்டாம் வகை அசைவுத்திறனைக் கூட்டுகிறது என்பதை கேப்ரியேல வுல்ஃப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். நாலைந்து நல்ல வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டு வந்தாலே அந்த வொர்க்‌ஷாப் வீண் போகவில்லை.

ஜோடி சேர்ந்து பயிற்சி செய்யச் சொன்னால் உங்களோடு வந்த நண்பரோடு சேராதீர்கள். உங்களைவிட உயரமானவர், கணுக்கால் இறுக்கமானவர், வயதில் மூத்தவர் என்று ஆள் மாற்றுங்கள். தொடை எலும்பு நீளமானவர் ஸ்குவாட்டில் கூடுதலாக முன்சாய்வார். அது அவருடைய உடல் அமைப்பு, திருத்த வேண்டிய குறையல்ல. பத்து வெவ்வேறு உடல்களைக் கண்ணால் பார்த்தால்தான் இது மனத்தில் பதியும். தொடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். சக ட்ரெய்னர் என்பதால் அனுமதி தானாக வந்துவிடாது.

பேச்சாளர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?

"ஆய்வுகள் காட்டுகின்றன" என்று மேடையில் சொன்னதும் கேட்க வேண்டியவை: யார்மீது நடந்த ஆய்வு? எதோடு ஒப்பிட்டார்கள்? எதை அளந்தார்கள்? எத்தனை வாரம்? யார் பணம்?

ஏன் இவை என்றால், முன்பு எடையே தூக்காத ஒருவருக்கு முதல் எட்டு வாரத்தில் ஏறக்குறைய எந்தத் திட்டமும் பலன் தரும். அப்படிப்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வை ஐந்து வருடம் பயிற்சி செய்தவருக்குப் பொருத்த முடியாது. புதிய முறையைச் செய்தவர்கள் மொத்தமாக அதிக செட் செய்திருந்தால், பலன் முறையால் வந்ததா செட் எண்ணிக்கையால் வந்ததா என்று சொல்ல முடியாது. "40 சதவீதம் கூடுதல் பலன்" என்றால் ஒரு குழு 5 கிலோவும் இன்னொன்று 7 கிலோவும் முன்னேறியிருக்கலாம். கணக்கு சரி, தோற்றம்தான் பெரிது. ஒரு பயிற்சியில் தசையின் இஎம்ஜி சமிக்ஞை (தசையின் மின்செயல்பாட்டு அளவீடு) அதிகம் என்பதாலேயே அந்தத் தசை அதிகம் வளரும் என்று முடிவுகட்டுவதும் மேடைகளில் அடிக்கடி நடக்கிறது. அந்த அளவீட்டிலிருந்து வளர்ச்சியை நேராகக் கணிக்க முடியாது.

பழைய சூத்திரங்களை வைத்தும் ஒரு பேச்சாளரை எடைபோடலாம். அதிகபட்ச இதயத்துடிப்புக்கு 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 2001இல் டனாக்கா என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்டது 208 கழித்தல் 0.7 பெருக்கல் வயது. நாற்பது வயதில் இரண்டும் 180 என்றே காட்டும். அறுபது வயதில் முதலாவது 160, இரண்டாவது 166. எந்தச் சூத்திரமானாலும் தனிநபருக்குப் பத்து துடிப்பு இப்படி அப்படிப் போவது சகஜம். இதைச் சொல்லிவிட்டுத் தன் திட்டத்தை விளக்குகிறவரைக் கேளுங்கள். பயிற்சியின் தீவிரத்துக்கேற்ற துடிப்பு மண்டலங்களை ஒற்றை எண் துல்லியத்தோடு பிரித்துக் காட்டுகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை.

கேள்வி நேரத்தில் மைக்கைப் பிடித்து மடக்கப் பார்க்காதீர்கள். அமர்வு முடிந்து கூட்டம் கலைந்த பின், "இது யாருக்குப் பலிக்கவில்லை?" என்று தனியாகக் கேளுங்கள். மேடைக்கு வெளியே பலர் அதிக நேர்மையாகப் பேசுகிறார்கள்.

சக ட்ரெய்னர்களிடம் பேச்சை எப்படித் தொடங்குவது?

"என்ன பண்றீங்க, எங்க வேலை?" என்பதோடு நின்றுவிட்டால் விசிட்டிங் கார்டு மட்டும்தான் கைமாறும். வரிசையில் நிற்கும்போது, "அந்த அமர்வில் எதை நீங்கள் உங்கள் ஜிம்மில் செய்ய மாட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எதிராளிக்கு உடனே சொல்ல ஏதாவது இருக்கும்.

மனிதர்கள் வெற்றியைப் பற்றிக் கேட்டால் விளம்பரம் படிப்பார்கள். நிறுத்தியதைப் பற்றிக் கேட்டால் உண்மை வரும். "கடந்த ஒரு வருடத்தில் எதைத் தொடங்கிப் பிறகு கைவிட்டீர்கள்? ஏன்?" என்ற ஒரு கேள்விக்காகவே மாநாட்டுக்குப் போகலாம். 12 வாரச் சவால் போட்டி முடிந்த மறுமாதம் உறுப்பினர்கள் எத்தனை பேர் தங்கினார்கள், அதிகாலை வகுப்பை ஏன் எடுத்துவிட்டார், ஆப் மூலம் திட்டம் அனுப்பத் தொடங்கியபின் நேரில் வருவது குறைந்ததா என்பதெல்லாம் இதில்தான் வெளிவரும்.

அடுத்து, நடைமுறையை விவரமாகக் கேளுங்கள். "முதல் நாள் மதிப்பீடு செய்கிறோம்" என்றால் எத்தனை நிமிடம், என்ன வரிசை, படிவம் எத்தனை பக்கம், முடிவை யார் எப்போது விளக்குகிறார்கள்? "ரத்துக் கொள்கை கடுமை" என்றால் எத்தனை மணி நேரம் முன் சொல்ல வேண்டும், விதிவிலக்கு யாருக்கு, முதல் முறை மீறினால் என்ன செய்கிறார்கள்? படிவத்தின் காலிப் பிரதியைக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பதிலுக்கு உங்களுடையதைக் கொடுங்கள். வாங்கிக்கொண்டு மட்டும் போகிறவரை இரண்டாம் நாள் எல்லோரும் அடையாளம் கண்டுவிடுவார்கள்.

உங்கள் பகுதியிலேயே ஜிம் நடத்துபவர் கொஞ்சம் அடக்கித்தான் பேசுவார். வேறு ஊர்க்காரரோடு உட்கார்ந்தால் கணக்குவழக்கு வரை திறந்து பேச முடியும். ஆனால் ஒரே பகுதிப் போட்டியாளர்கள் சேர்ந்து கட்டணத்தை இவ்வளவு என்று பேசி வைத்துக்கொள்வது பல நாடுகளில் சட்டவிரோதம். அந்தத் திசையில் பேச்சு போனால் எழுந்துவிடுங்கள்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. என்ன செய்வது?

கூட்டத்தில் பேச வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பேர், ஒவ்வொருவரோடும் இருபது நிமிடம் போதும். மாலை விருந்தைவிடக் காலை முதல் அமர்வுக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் உட்காருவது எளிது. சீக்கிரம் வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாகவே வருவார்கள். தன்னார்வலராகப் பதிவு செய்வதும் நல்ல வழி. அறை வாசலில் நின்று பேட்ஜ் ஸ்கேன் செய்கிறவரிடம் எல்லோரும் தாமாகவே வந்து பேசுவார்கள், நுழைவுக் கட்டணத்திலும் பல இடங்களில் சலுகை உண்டு.

என் கிளையன்ட்களைப் பற்றி அங்கே பேசலாமா?

பெயர், படம், தொழில், அடையாளம் தெரியும்படியான எதுவும் வேண்டாம். "ஐம்பதைக் கடந்தவர், உட்கார்ந்த வேலை, தோள் அறுவை முடிந்து ஆறு மாதம்" என்ற அளவு போதும். விளையாட்டு வீரர் என்றால் எந்த விளையாட்டு, எந்த நிலை என்று சொன்னாலே ஆள் தெரிந்துவிடலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்துப் போனில் வைத்திருக்கும் படங்களைக் காட்டும் முன், எழுத்தில் வாங்கிய சம்மதம் அதற்கும் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டால்களில் கருவிகளைப் பார்க்கும்போது என்ன கேட்பது?

விற்பனையாளர் காட்டுவதை மறந்துவிட்டு, உங்கள் ஜிம்மில் மாலை நெரிசலில் அந்தக் கருவி என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

கேபிள் மெஷினில் முதல் கேள்வி கப்பி விகிதம். 2:1 என்றால் 100 கிலோ எடை அடுக்கில் கைக்கு வருவது 50 கிலோ. கேபிள் இருமடங்கு நீளம் வரும், அதனால் நடந்து செய்யும் அசைவுகளுக்கு ஏற்றது. 1:1 என்றால் அடுக்கில் உள்ளதே கைக்கு. இது தெரியாமல் வாங்கினால், பழைய மெஷினில் 30 கிலோ இழுத்தவர் புதியதில் 60 இழுத்துவிட்டு ஒரே வாரத்தில் பலம் கூடிவிட்டதாக நினைப்பார். மிகக் குறைந்த எடை எவ்வளவு, ஒவ்வொரு படியும் எவ்வளவு கூடுகிறது என்றும் பாருங்கள். தோள் வலியோடு வருகிறவருக்கு 2.5 கிலோவில் தொடங்க முடியாவிட்டால் அந்த மெஷின் பாதிப் பயன்தான்.

ட்ரெட்மில்லில் மோட்டாரின் உச்சத் திறனைச் சொல்வார்கள். தொடர்ந்து இயங்கும்போது உள்ள திறனைக் கேளுங்கள். பெல்ட் மாற்ற எவ்வளவு நேரம், அடிப்பலகையைத் திருப்பிப்போட முடியுமா, தனி மின்சுற்று வேண்டுமா, மின்சார அளவு என்ன, உதிரிப்பாகம் எங்கே இருப்பில் இருக்கிறது, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஐஎஸ்ஓ 20957 தரத்தில் எஸ் என்றால் பயிற்சிக் கூடங்களுக்கு, எச் என்றால் வீட்டுக்கு. முத்திரைத் தகட்டில் எச் என்றிருக்கும் கருவியை ஜிம்மில் போட்டால் உத்தரவாதமும் காப்பீடும் கேள்விக்குறி. கருவியின் நீளத்தோடு பின்புறம் 2 மீட்டர் காலி இடத்தையும் சேர்த்துத்தான் உங்கள் கூடத்தில் அளந்து பார்க்க வேண்டும். தவறி விழுகிறவர் சுவரில் மோதாமல் இருக்க அந்த இடம்.

உடல் கொழுப்பு அளக்கும் மெஷினில் ஏறச் சொல்வார்கள். மின்தடையை வைத்துக் கணக்கிடும் கருவிகள் உடலில் உள்ள நீரின் அளவைப் பொறுத்து எண்ணை மாற்றிக் காட்டும். பாதி நாள் நின்றுவிட்டு, காபி குடித்துவிட்டு, வகுப்பில் வியர்த்துவிட்டு ஏறினால் வரும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கருவியைச் சோதிக்க வேண்டுமென்றால் அடுத்தடுத்து இரண்டு முறை ஏறி, இரண்டு எண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள்.

ஸ்டாலில் தரும் தள்ளுபடி "இன்று மட்டும்" என்றே இருக்கும். கண்காட்சி முடிந்த அடுத்த வாரம் அதே விலையைக் கேட்டுப் பாருங்கள். பல நேரம் கிடைக்கும்.

இலவச சப்ளிமென்ட் பாக்கெட்டுகளை என்ன செய்வது?

போட்டிகளில் கலந்துகொள்ளும் கிளையன்ட்டுக்குக் கொடுக்கவே கூடாது. ஊக்கமருந்து விதிகளில், உடலில் கண்டுபிடிக்கப்பட்ட பொருளுக்கு வீரரே பொறுப்பு. டப்பாவில் எழுதவில்லை என்பது விடுதலை தராது. இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட், என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் போன்ற, தடைசெய்த பொருள் உண்டா என்று சோதித்துத் தரும் முத்திரை இருந்தால் அபாயம் குறையும், முற்றிலும் நீங்காது. புரதம் விற்கிறவர் அளவை ஏற்றிச் சொன்னால் நினைவில் வைக்க ஒரு எண்: எடைப் பயிற்சி செய்வோர்மீது நடந்த 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான பகுப்பாய்வில், நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.6 கிராமைத் தாண்டிய பிறகு தசை சேர்வதில் சராசரியாகக் கூடுதல் பலன் தெரியவில்லை.

தொடர்கல்விப் புள்ளிகள் குழப்புகின்றன. எப்படிக் கணக்கிடுவது?

சான்றிதழைப் புதுப்பிக்கத் தேவையான இந்தப் புள்ளிகளுக்கு ஒவ்வொரு அமைப்பும் வெவ்வேறு அளவுகோல் வைத்திருப்பதால்தான் குழப்பம். சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்புகளான ஏசிஇ, என்ஏஎஸ்எம், என்எஸ்சிஏ ஆகியவற்றில் ஒரு மணி நேரம் பொதுவாக 0.1 புள்ளி; ஏசிஎஸ்எம்மில் ஒரு மணி நேரம் 1 புள்ளி. ஏசிஇ 2 ஆண்டுக்கு 2.0 கேட்கிறது, அதாவது 20 மணி நேரம். என்ஏஎஸ்எம்மும் 2 ஆண்டுக்கு 2.0தான், அதில் 0.1 சிபிஆர்/ஏஇடி (இதயம் நின்றவரை மீட்கும்) பயிற்சியிலிருந்து வரும். என்எஸ்சிஏவின் சிஎஸ்சிஎஸ் என்ற பலப் பயிற்சியாளர் சான்றிதழுக்கு முழுச் சுழற்சியான 3 ஆண்டுக்கு 6.0. ஏசிஎஸ்எம் பர்சனல் ட்ரெய்னர் சான்றிதழுக்கு 3 ஆண்டுக்கு 45. விதிகள் அவ்வப்போது மாறுவதால் உங்கள் கணக்கில் உள்நுழைந்து இப்போதைய எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

தவறு நடக்கும் இடம் வேறு. மாநாட்டுக்கு ஓர் அமைப்பின் அங்கீகாரம் இருந்தால் மற்றதும் ஏற்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். பதிவு செய்யும் முன், உங்கள் சான்றிதழின் பெயரைக் குறிப்பிட்டு அமைப்பாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் பேட்ஜ் ஸ்கேன் ஆனதா என்று பாருங்கள். பாதியில் எழுந்து போனால் பல இடங்களில் அந்த அமர்வு கணக்கில் வராது. வருகைச் சான்றிதழ், நிகழ்ச்சி நிரல், ரசீது மூன்றையும் சுழற்சி முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். தணிக்கைக்குக் கேட்டால் இவைதான் ஆதாரம்.

இரண்டு நாள் வொர்க்‌ஷாப்பில் கற்ற உத்தியைத் திங்கட்கிழமையே கிளையன்ட்டிடம் செய்யலாமா?

பயிற்சி முறை என்றால் செய்யலாம், லேசான எடையில். மூட்டைத் திருகுவது, ஊசி, நோய் கண்டறிவது, உணவு மருத்துவத் திட்டம் போன்றவை உங்கள் உரிம எல்லைக்குள் வராவிட்டால், வொர்க்‌ஷாப் சான்றிதழ் அந்த எல்லையை விரிக்காது. தொழில் காப்பீட்டுப் பத்திரத்தில் எது அடங்கும் என்று படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இணையவழியில் பார்த்தால் போதாதா?

விரிவுரைக்குப் போதும். நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிவதால் சில நேரம் அதுவே மேல். கைப்பிடித்துத் திருத்தும் பயிற்சியும் வராந்தாப் பேச்சும் அதில் கிடைக்காது.

திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வது?

இரண்டு நாளுக்குள், சந்தித்தவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். "சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று அனுப்பினால் பதிலும் அப்படியே வரும். "நீங்கள் சொன்ன 20 நிமிட மதிப்பீட்டை அடுத்த வாரம் முயல்கிறேன், படிவத்தை அனுப்ப முடியுமா? என் ரத்துக் கொள்கையை இணைத்திருக்கிறேன்" என்று எழுதினால் உறவு தொடரும். அவர்களில் மூன்று நான்கு பேரை வைத்து மாதம் ஒரு முறை நாற்பது நிமிட அழைப்பு ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் தன் சிக்கலைச் சொல்ல, மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். ஆறுக்கு மேல் ஆள் சேர்ந்தால் பேசுவது இருவர்தான், மற்றவர்கள் பார்வையாளர்கள்.

ஜிம்மில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் கொண்டுவாருங்கள். பட்டியல் பெரிதாக இருக்கும், கை பரபரக்கும். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நேற்றுவரை சரி என்று சொன்னதெல்லாம் இன்று தவறா என்று கிளையன்ட்டும் குழம்புவார். நான்கைந்து கிளையன்ட்கள், ஆறு வாரம், அளக்கக்கூடிய ஏதாவது ஒன்று: வருகை, ஒரு எடையின் மறுசெய்கை எண்ணிக்கை, வலி பற்றி 10க்கு அவர்கள் தரும் மதிப்பெண். தொடங்கும் முன் பழைய எண்ணை எழுதிவைக்க மறந்துவிட்டால் ஆறாம் வாரம் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

ஊழியர்களை அனுப்புகிறோம். பணம் வீணாகாமல் இருக்க?

ஆளுக்கொரு அமர்வு என்று பிரித்து அனுப்புங்கள். ஒரே அறையில் மூவரும் உட்கார வேண்டாம். திரும்பிய ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவரும் ஜிம் தரையில் நின்று 20 நிமிடம் செய்துகாட்ட வேண்டும் என்று போகும் முன்பே சொல்லிவிடுங்கள், ஸ்லைடு வேண்டாம். சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்தால் கேட்கும் விதமே மாறிவிடும். அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள்.

நானே பேச்சாளர் ஆக வேண்டும் என்றால்?

பெரும்பாலான மாநாடுகள் பல மாதங்கள் முன்பே முன்மொழிவுகளைக் கேட்கும். தலைப்பு, 150 முதல் 300 வார்த்தைச் சுருக்கம், கலந்துகொள்பவர் அமர்வு முடிந்ததும் செய்யக்கூடிய மூன்று விஷயங்கள், உங்களைப் பற்றிய குறிப்பு, நீங்கள் கற்பிக்கும் காணொலி ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். "தோள் பயிற்சிகள்" போன்ற பரந்த தலைப்பு குப்பைக்குப் போகும். "கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவருக்கு ஆறு வாரத் தள்ளு-இழு திட்டம்" என்பதைத் திறந்து பார்ப்பார்கள். காணொலியில் ஒலி தெளிவாக இருக்கட்டும். பார்க்கிறவர் இரண்டு நிமிடத்தில் முடிவு செய்துவிடுவார். முதல் முறை மறுத்தால் காரணம் கேட்டு எழுதுங்கள். அதே முன்மொழிவை அறுபது நிமிட அமர்வாக இல்லாமல் இருபது நிமிடச் செயல்விளக்கமாகச் சுருக்கி, சிறிய மாநாடு ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள்.